பறையும் அருங்காட்சியகமும்



அருங்காட்சியக விழாக்களில் பறையடிக்க அழைத்தால் செல்லலாமா என்று இளைஞர் சிலர் நம்மிடம் வினவினர். விடை கூறுமுன் சற்றே வரலாற்றை நோக்குவோம்.

பாகூரில் கிடைத்த நிருபதுங்கவர்மன் செப்பேடு, கி.பி. 9ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த வித்தியாஸ்தானம் என்னும் கல்விக்கழகத்திற்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பெற்றதைக் கூறுகின்றது. அது அந்தணர்க்குரிய கழகம். நம் முன்னோர்க்கு அங்கே இடமில்லை. அவர்தம் கையில் இருந்தது பறை. தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்த அப்பறையைப் பின்னாளில் சாவுக்கு அடிக்கும் கட்டாய ஊழியமாக்கினர். அவ்விழிவை உதறவே நம்மில் பலர் பறையைக் கீழே வைத்தோம். அது தவறன்று.

இன்று நிலை மாறி வருகின்றது. 1996இல் முட்டுக்காட்டில் திறக்கப்பெற்ற தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் நாட்டுப்புறக் கலைகள் மேடையேறுகின்றன. 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது.

ஆகவே, செல்லுங்கள். ஆனால் ஊதியத்தை முன்னரே பேசுங்கள். உங்கள் பெயரும் ஊரும் அழைப்பிதழில் அச்சேற வேண்டுமெனக் கேளுங்கள். அடித்தவன் பெயரின்றிக் கண்ணாடிப் பேழையில் தொங்கும் பறை பாதி வரலாறே. மதிப்பின்றி அழைப்பின் மறுத்துவிடுங்கள். மறுக்கும் உரிமை உடையவனே கலைஞன், இல்லாதவன் ஊழியன்.

பறைக்கு இரு கைகளும் வேண்டும், புத்தகத்திற்கும் அவ்வாறே. பள்ளி நாளில் புத்தகம், விழா நாளில் பறை என வகுத்துக்கொள்ளுங்கள்.