அடைபட்ட நாளும் ஆண்டவர் வேளையும்

(கள்ளக்குறிச்சியிற் கூடிய நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வாழ்வு நெருக்கப்பட்ட காலத்தில் இறைவன் குறித்த வேளையை நம்பியிருத்தல் என்பது இன்று எமக்கு அளிக்கப்பெற்ற பொருள். இந்நெருக்கத்தை அறியாத குடும்பம் நம்மிடையே ஒன்றும் இல்லை. பட்டம் பெற்றும் வேலை வாயாத மகன், நோயுற்ற மாமியாரின் கட்டிலருகே ஆண்டுகளைக் கழிக்கும் மருமகள், கடன்பட்டு நிலத்தை ஒற்றி வைத்த தந்தை, மேற்படிப்பை விரும்பியும் வீட்டு வாயிலைக் கடக்க இயலாத மகள், இவர்கள் எல்லாரும் கதவில்லாத சிறையில் இருப்பவர்களே. இவர்களுக்கு நாம் கூறும் ஆறுதல் பெரும்பாலும் ஒன்றுதான்: கடவுள் வேளை வரும், பொறுத்திரு என்பது. இச்சொல் மெய்யே. ஆயினும், அதனை யார், யாருக்கு, எந்நிலையிற் சொல்லுகின்றனர் என்பதை ஆராய்ந்து பார்த்தல் நம் கடமை.

முதற்கண் திருமறையில் வரும் யோசேப்பை நினைமின். உடன்பிறந்தாரின் பொறாமைக்கு இலக்கானபோது அவனுக்கு வயது 17. பார்வோன்முன் நின்றபோது வயது 30. இடைப்பட்ட 13 ஆண்டுகளும் அடிமைத்தனத்திலும் சிறையிலும் கழிந்தன. அச்சிறையில் அவன் சுவரை நோக்கிச் சோம்பியிருந்தானல்லன். சிறைத்தலைவன் ஒப்புவித்த வேலைகளைச் செவ்வையாக நடத்தினான். உடனிருந்தோர் முகவாட்டம் கண்டு காரணம் வினவினான். மேலும், விடுதலை பெற்றுச் செல்லும் பானபாத்திரக்காரரின் தலைவனிடம், தன் வழக்கை அரசன் செவிக்கு எட்டச் செய்யுமாறு வேண்டிக்கொண்டான். இறைவனை நம்புவோன் மனிதரிடம் முறையிடலாகாது என்று கருதுவோர் இதனை உற்று நோக்குவாராக. முறையிடுதல் நம்பிக்கைக் குறைவன்று. அத்தலைவன் இரண்டு ஆண்டுகள் மறந்திருந்தது மனிதன் குற்றம். அம்மறதியையும் வீணாக்காமல், பார்வோன் கனாக் கண்டு கலங்கிய நாளில் யோசேப்பை வெளிக்கொணர்ந்தது இறைவன் செயல். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்தல் தகாது.

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கோர் சான்று உண்டு. 1706-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், நம் மொழியைக் கற்று, 1708-ஆம் ஆண்டு அக்டோபரிற் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். சில வாரங்களுக்குள், அவ்வூர் டேனியக் கோட்டைத் தலைவன் அவரைச் சிறையிலிட்டான். ஏறத்தாழ நான்கு திங்கள் அடைபட்டிருந்து, 1709-இல் வெளிவந்தார். எடுத்த பணியின் தொடக்கத்திலேயே இத்தகைய தடை நேர்ந்தால், இப்பணி இறைவனுக்கு விருப்பமில்லை போலும் என்று நம்மிற் பலர் கைவிட்டிருப்போம். அவரோ மீண்டும் எடுத்து 1711-இல் முடித்தார். அச்சுப் பொறியும் தமிழ் எழுத்துக்களும் கடல் கடந்து தரங்கம்பாடி சேர்ந்தது அதற்குப் பின்னரே. 1715-இல் அந்நூல் அச்சேறி நிறைவெய்தியது. 1719-இல் அவர் மறைந்தபோது வயது 36 மட்டுமே. அத்துணைக் குறுகிய ஆயுளில் நான்கு திங்கள் பறிபோனது சிறிதன்று. ஆனாலும் பணி நின்றுவிடவில்லை.

ஆங்கில நாட்டு ஜான் பனியன் என்பாரும், அனுமதியின்றிச் சமயப் பிரசங்கம் செய்தார் என்ற குற்றச்சாட்டின்பேரில் 1660 முதல் 1672 வரை சிறையில் இருந்தவர். 1678-இல் வெளிவந்த அவருடைய மோட்சப் பிரயாண நூலைத் தழுவியே, திருநெல்வேலிச் சீமைத் தமிழாசிரியர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகம் பாடி, 1894-இல் வெளியிட்டார். ஒரு தேசத்துச் சிறைவாசியின் எண்ணம், இருநூறு ஆண்டுகள் கழித்து, மற்றொரு தேசத்திற் காப்பியமாக மலர்ந்தது. தம் உழைப்பின் பயன் எங்கே, எந்நாளில் விளையும் என்பதைப் பனியன் அறிந்திலர். நாமும் அறியோம்.

திருவள்ளுவரும் காலமறிதல் என்றோர் அதிகாரம் வகுத்தார். அங்கே வரும் கொக்கு ஒடுங்கி நிற்பதை மட்டும் நாம் எடுத்துரைக்கின்றோம். மீன் வந்தபோது தவறாது கொத்துவதை மறந்துவிடுகின்றோம். கொத்தக் கருதாத கொக்கிற்கு ஒடுங்கி நிற்றலாற் பயனென்ன?

இனி, இப்பொருளின் மறுபக்கத்தைக் காண நெடுந்தொலை செல்லவேண்டா. நம் ஊர்க்கு மேற்கே கல்வராயன் மலை தோன்றுகின்றது. 1947-இல் நாடு விடுதலை பெற்றது. அம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரோ ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தினின்று விடுபடவில்லை. அவர்களுக்கு வரி செலுத்தியும், கூலியின்றி உழைத்தும் வந்தனர். 1976-ஆம் ஆண்டிலேதான் அரசு அந்த ஜாகீர்களைத் தன் பொறுப்பில் ஏற்றது. இடையில் 29 ஆண்டுகள்! மலையடிவாரத்தில் இருந்த ஒருவர் அம்மக்களை நோக்கி, இது கடவுள் குறித்த காலம், அமைதியாய் இருங்கள் என்று போதித்திருந்தால், அது பக்தியாகுமா? ஆகாது. அத்தாமதம் இறைவனுடையதன்று, மனிதருடையது. மனிதர் தாமதத்திற்கு இறைவன் பெயரை இடுதல், அவர் திருப்பெயரை வீணிலே வழங்குவதாகும்.

ஆகவே, அன்பர்காள், நெருக்கம் நேர்ந்தபோது ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இக்கதவின் திறவுகோல் யார் கையில் இருக்கின்றது? கச்சிராயபாளையத்துக்கு அருகே கோமுகி அணையை யாவரும் அறிவீர்கள். மலையில் மழை பெய்யாதபோது உழவன் வானை நோக்கிக் காத்திருக்கின்றான். அஃது இறைவன் கையிலுள்ளது. அணை நிறைந்திருந்தும் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால், அப்பொழுதும் வானை நோக்கி நிற்பவன் மண்வெட்டியை மறந்தவன். நோயும் முதுமையும் மரணமும் மழையை ஒத்தவை. அங்கே பொறுமையே நம் படைக்கலம். மகளின் படிப்பைத் தடுப்பது மழையன்று. அது நாம் தூர்த்த வாய்க்கால். காலம் வரட்டும் என்று தந்தை அவளிடம் கூறும்போது, அக்காலத்தைக் கட்டி வைத்திருப்பவர் தாமே என்பதை நினைப்பாராக. ஏழை மாணவனின் உதவி மனுவை அடுத்த கூட்டத்துக்கு, அடுத்த கூட்டத்துக்கு என்று ஒத்திவைக்கும் எந்தச் சங்கமும், பானபாத்திரக்காரனின் மறதியையே தானும் செய்கின்றது.

காத்திருப்பவருக்கு யாம் கூறுவது இதுவே: கைக்கெட்டிய வேலையைச் செம்மையாகச் செய்யுங்கள், அருகிலிருப்பவரின் முகவாட்டத்தைக் கவனியுங்கள், கேட்க வேண்டியதை நாணாது கேளுங்கள், எஞ்சியதை இறைவனிடம் ஒப்புவித்து உறங்குங்கள். காக்கவைப்பவருக்குக் கூறுவது இன்னும் சுருக்கமானது: திறவுகோல் உங்கள் கையில் இருக்குமாயின், இன்றே திறந்துவிடுங்கள். ஒருவருக்கு ஆண்டவர் குறித்த வேளை, உங்கள் கை அசையும் அந்த வேளையாகவே இருக்கலாம்.

இறைவன் நம் இல்லங்களைக் காப்பாராக.