மருத்துவம் என்று மட்டும் எழுதுங்கள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பட்டு நெசவு செய்கிறவள். மூணு வருஷத்துக்கு முன்னாடி சங்கத்தில் 3,000 ரூபாய் உள்கடன் வாங்கினேன். பையன் ஸ்கூல் ஃபீஸுன்னு நோட்டில் எழுதச் சொன்னேன். அது பொய். அந்தப் பணம் என் வைத்தியத்துக்குப் போச்சு. அதைச் சொல்லத்தான் இன்னிக்கு நிக்கிறேன்.

எனக்கு மறைவிடத்தில் அரிப்பு. நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்து வேர்க்குது, அதனாலதான்னு நினைச்சேன். மருந்துக்கடையில் "அரிப்புக்கு ஒரு ட்யூப்"னு மட்டும் கேட்டேன். போட்டா நிக்கும், விட்டா திரும்ப வரும். இப்படியே ரெண்டு வருஷம். தோல் மெலிஞ்சு, வெடிச்சு எரிஞ்சுது. வீட்டுக்காரர் பக்கத்துல வந்தா சாக்குச் சொல்லித் தள்ளிப் படுத்தேன். "என் மேல வெறுப்பா?"ன்னு கேட்டார். அதுக்கும் வாய் திறக்கலை. பாவுல ஒரு இழை அறுந்தா உடனே தறியை நிறுத்திப் பார்க்கிற நான், என் உடம்பைப் பார்க்கலை.

கடைசியில் தோல் டாக்டரம்மாகிட்ட போனேன். அவங்க சொன்னதைக் கேளுங்க.

எனக்கு வந்தது கரப்பான். கெட்ட நடத்தையால வர்றது இல்லை, அடுத்தவங்களுக்கு ஒட்டவும் செய்யாது. ஆனா துணைக்கு எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெர்பிஸ் மாதிரி நோய் இருந்தா, வெடிச்ச தோல் வழியா அந்தக் கிருமி சுலபமா உள்ளே போகும். அதனால ஆறும் வரைக்கும் உறவு வேண்டாம். பிறகும் சந்தேகம் இருந்தா ஆணுறை அவசியம். வாசலைன், தேங்காய் எண்ணெய், எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு பட்டா ரப்பர் ஆணுறை கிழிஞ்சிடும். இது எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

நான் போட்ட ட்யூப் ஸ்டீராய்டு. 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. டாக்டரம்மாவும் ஸ்டீராய்டு களிம்புதான் கொடுத்தாங்க. ஆனா எவ்வளவு, எத்தனை நாள்னு கணக்கு சொல்லிக் கொடுத்தாங்க. படர்தாமரைக்கு அதையே போட்டா அது பரவும். சர்க்கரை இருந்தாலும் அரிப்பு வரும். தோல் வெளுத்துப் போனாலோ, புண் ஆறாமல் இருந்தாலோ புற்றுநோய் இல்லைன்னு பரிசோதிச்சே ஆகணும். நாமளே பார்த்து முடிவு பண்ணக் கூடாது.

அன்னிக்கு ராத்திரி வீட்டுக்காரர்கிட்ட எல்லாம் சொன்னேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே"ன்னார். ரெண்டு பேரும் அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் ரத்தம் கொடுத்தோம். காசு இல்லை, ரகசியம் காப்பாங்க. முடிவு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் சரியாச் சாப்பிடலை. நல்லவேளை, ஒண்ணும் இல்லை. பால்வினை நோய்னு சந்தேகம் இருந்தா சுகவாழ்வு மையம் இருக்கு. எச்.ஐ.வி. பத்தி விவரம் கேட்க 1097-க்கு இலவசமா போன் பண்ணலாம்.

பொய் எழுத வெச்சதுக்குச் சங்கத்திடம் மன்னிப்புக் கேட்கிறேன். கூடவே ஒரு கோரிக்கை. யாராவது வைத்தியத்துக்குக் கடன் கேட்டா "மருத்துவம்"னு மட்டும் எழுதுங்க. என்ன நோய்னு கேட்காதீங்க. அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் நான் ரெண்டு வருஷம் கழிச்சு டாக்டர்கிட்ட போனேன்.