கலையாத ஒரு மணி நேரம்

பால்மரத்தில் கத்தி வைக்கும் பெற்றோருக்குக் கவனத்தைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. பால் குழாய்கள் உள்பட்டையில்தான் நெருங்கியிருக்கின்றன. அதற்கும் உள்ளே, மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம். சுமார் 1 மில்லிமீட்டர் பட்டையை விட்டு வெட்டவேண்டும். அந்நேரம் யாராவது கூப்பிட்டால் கத்தி ஆழமாக இறங்கிவிடும்; காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும்.

கட்டுரை எழுதும் பிள்ளையின் மனமும் அப்படித்தான். நம் வகுப்பு மாணவி ஒருத்தி வீட்டுக் கட்டுரையை மட்டும் பாதியில் நிறுத்திவிடுவாள். விசாரித்தோம்.

“எழுத உட்கார்ந்தா அம்மா கடைக்கு அனுப்புறாங்க, சார். திரும்பி வந்தா நினைச்சது மறந்துபோகுது.”

தாயாரிடம் பேசினோம். இப்போது இரவு 7 முதல் 8 வரை வீட்டில் வானொலியும் (ஆம், வானொலியும்தான்!) அடங்கியிருக்கிறது. முதல் வாரம் அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாளாம். மூன்றாம் வாரம் இரண்டு பக்கம் எழுதி வந்தாள்.