பழைய கார், புது பெயிண்ட், எழுதாத கணக்கு

(நுகர்வோர் விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நுகர்வோர் பாதுகாப்பு என்றாலே எடை குறைவு, காலாவதி தேதி, எம்.ஆர்.பி.க்கு மேல் விலை, இவைதான் நமக்கு ஞாபகம் வரும். இதெல்லாம் கடையில் வாங்கும் பொருள் சம்பந்தப்பட்டது. காசு கொடுத்து ஒரு வேலையைச் செய்யச் சொல்கிறோமே, அந்தச் சேவைக்கும் இதே சட்டம்தான் பாதுகாப்பு. அதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அதனால் இன்றைக்கு ஒரே ஒரு சேவையை எடுத்துக்கொண்டு பேசலாம் என்று வந்திருக்கிறேன். பழைய காருக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை. "பழைய கார் வச்சிருக்கிறவங்க வசதியானவங்க, அந்தக் கவலை நமக்கெதுக்கு?" என்று நினைத்துவிடாதீங்க. தாத்தா வாங்கின அம்பாசிடரையும் பத்மினியையும் விற்க மனசில்லாமல் வைத்திருக்கிற சாதாரணக் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. மேலும், இந்த வேலையில் வருகிற தகராறுகளைப் புரிந்துகொண்டால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது, மோட்டார் காயில் கட்டுவது என எல்லாவற்றுக்கும் அது உதவும்.

ஒரு நீல நிற ஹெரால்டு

எங்கள் மாமாவிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது. சென்னையில் தயாரான கார். 1969இல் பதிவானது, நான்கு கதவு மாடல். ஹெரால்டில் பானெட்டும் முன்பக்க மட்கார்டும் ஒரே பாகமாக முன்னால் சாய்ந்து திறக்கும். பார்க்க அழகு. ஆனால் அந்த ஒரு பாகத்துக்குப் பெயிண்ட் அடிப்பது லேசான வேலை இல்லை.

பழைய வண்டி வேலை தெரிந்த ஒரு பட்டறையில் ஜூன் கடைசியில் விட்டார். பேச்சு எல்லாம் வாயால்தான். "எண்பத்தஞ்சாயிரம் ஆகும் சார். விநாயகர் சதுர்த்திக்கு வண்டி வீட்ல நிக்கும்." நாற்பதாயிரம் முன்பணம் கொடுத்தார். ரசீது கிடையாது. நிறம்? "பழைய ப்ளூவே அடிச்சுடுங்க." அவ்வளவுதான் ஒப்பந்தம்.

சதுர்த்தி போனது. போன் செய்தால், "டிங்கரிங் முடிஞ்சுது சார், அடுத்த வாரம் பிரைமர்." அடுத்த வாரம், "பெயிண்டர் ஊருக்குப் போயிருக்கார் சார்." தீபாவளிக்கு முன்னால் நேரில் போனபோது கார் கதவில்லாமல், கண்ணாடி இல்லாமல், தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. அப்புறம் மழைக்காலம். ஈரக்காற்றில் பெயிண்ட் அடித்தால் மேற்பரப்பு வெளுத்துப்போகும், கொப்புளம் வரும் என்றார்கள். அது உண்மைதான். ஆனால் சென்னையில் மழை அக்டோபரில் வரும் என்பது ஜூனிலேயே எல்லோருக்கும் தெரியுமே!

மார்கழியில் நிறம் ஏறியது. மாமா பார்த்தது அவருக்குத் தெரிந்த நீலம் இல்லை, இன்னும் கறுத்த நீலம். பட்டறைக்காரர் சொன்ன பதில்: "ஆர்.சி.ல ப்ளூன்னுதானே சார் போட்டிருக்கு? இதுவும் ப்ளூதான்." பில் தொகை 1,52,000 ரூபாய். பக்கவாட்டு குரோம் பட்டைகளில் ஒன்றும், டிக்கி மேலிருந்த எழுத்துகளும் காணவில்லை. பானெட் ஓரத்தில் பெயிண்ட் வழிந்து உறைந்திருந்தது. "பாக்கியைக் கட்டினாத்தான் வண்டி" என்று சாவியையும் வைத்துக்கொண்டார்கள்.

இதற்கு நடுவில் தை மாதம் ஆர்.சி. காலாவதியாகிவிட்டது. பதிவாகி 15 ஆண்டு ஆன சொந்த வாகனத்துக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். காலாவதி தேதிக்கு முந்தைய 60 நாளுக்குள் படிவம் 25இல் விண்ணப்பித்து, வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டும். கதவில்லாத வண்டியை எப்படிக் காட்டுவது? பெயிண்ட் வேலையில் ஏற்பட்ட தாமதம் இப்படி அரசு அலுவலக வேலையிலும் சிக்கலாக வந்து நின்றது.

பட்டறையின் பக்கமும் நியாயம் இருக்கிறது

பட்டறைக்காரர் ஏமாற்றவே நினைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்க.

முதலில் பீடிங், விளக்கு, கண்ணாடி, குரோம் எல்லாம் கழற்ற வேண்டும். பழைய பெயிண்டை உரிக்க வேண்டும். துருப்பிடித்த தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். நெளிவு எடுத்து, பட்டி பூசி, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி தேய்த்து, அதற்குப் பிறகுதான் நிறம். ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுக்கும் நேரம் மொத்த வேலையில் சின்னப் பங்குதான். மீதி எல்லாம் தேய்ப்பு.

பழைய காரில் பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று உரிக்கும் வரை யாருக்கும் தெரியாது. 50 வருஷத்தில் யாரோ எப்போதோ பூசின பட்டி கனமாக இருக்கும். அதைத் தட்டினால் உள்ளே தகடே இருக்காது. ஆகவே முதல் நாள் சொல்லும் 85,000 என்பது ஒரு யூகம்தான். அதை மாமா விலையாக எடுத்துக்கொண்டார். பட்டறைக்காரர் அதை ஆரம்பமாக எடுத்துக்கொண்டார். ஒரே எண்ணை இரண்டு பேரும் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டதுதான் தகராறின் வேர்.

பெயிண்டரையும் நினைக்க வேண்டும். இப்போது அடிக்கும் 2கே பெயிண்டில் கலக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு. அது நுரையீரலைக் கெடுக்கும், ஆஸ்துமா வரவழைக்கும். மூக்கில் கைக்குட்டை கட்டினால் போதாது, அதற்கென்று உள்ள பாதுகாப்பு முகக்கவசம் வேண்டும். விலையை அடித்துக் குறைத்துப் பேசும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த மனிதரின் பாதுகாப்புதான்.

இரண்டு கட்டமாக மதிப்பீடு கேளுங்கள்

இதற்கு வழி என்ன? மதிப்பீட்டை இரண்டாகப் பிரிப்பதுதான். முதல் கட்டம், கழற்றி உரிப்பதற்கு மட்டும் ஒரு தொகை. உரித்து முடித்ததும் வேலையை நிறுத்தி, உரிமையாளரும் பட்டறைக்காரரும் சேர்ந்து வெறும் தகட்டைப் பார்க்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும். எந்த இடத்தில் வெட்டி ஒட்டுவது, எந்த இடத்தில் பட்டி போதும் என்று பேசி, அதன் பிறகே இரண்டாம் கட்ட மதிப்பீடு. இதில் பட்டறைக்காரருக்கும் நஷ்டமில்லை. பிற்பாடு கூடுதல் பணம் கேட்கும்போது அவர் பொய் சொல்வதாக யாரும் நினைக்க மாட்டார்கள்.

அந்தக் காகிதத்தில் இருக்க வேண்டியவை:

1. வேலை விவரம். முழுப் பெயிண்டா, வெளிப்பக்கம் மட்டுமா? கதவின் உட்பக்கம், டிக்கி, இன்ஜின் அறை சேருமா? என்ன வகைப் பெயிண்ட், எத்தனை கோட்டிங்?

2. தொகை. உதிரிப் பொருள் தனியாக, கூலி தனியாக. ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா? எழுத்தில் சம்மதம் இல்லாமல் கூடுதல் வேலை செய்யக் கூடாது என்று ஒரு வரி. வாட்ஸ்அப்பில் "சரி" என்று அனுப்பினாலும் போதும்.

3. நிறம். "ப்ளூ" என்று எழுதினால் போதாது. டிக்கி விரிப்புக்கு அடியில், டேஷ்போர்டுக்குக் கீழே என வெயில் படாத இடத்தில் பழைய நிறம் ஒழுங்காக இருக்கும். அதை லேசாகப் பாலீஷ் செய்து, அதற்குப் பொருந்தும்படி கலக்கச் சொல்லுங்கள். கலந்ததை ஒரு தகட்டுத் துண்டில் அடித்து, வெயிலிலும் டியூப்லைட்டிலும் வைத்துப் பாருங்கள். சில நிறங்கள் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் இன்னொரு வெளிச்சத்தில் வேறாகவும் தெரியும். பிடித்திருந்தால் அந்தத் துண்டின் பின்பக்கம் இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

4. பாகங்களின் பட்டியல். கழற்றும் ஒவ்வொரு குரோம் பட்டை, எழுத்து, கைப்பிடிக்கும் எண்ணிக்கை, போட்டோ. இந்த வண்டிகளுக்குக் கம்பெனியிலிருந்து புது பாகம் வராது. புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் தேடி அலைந்தாலும் கிடைப்பது அதிர்ஷ்டம்தான். முடிந்தால் சின்னப் பாகங்களை வீட்டுக்கே எடுத்து வந்துவிடுங்கள்.

5. தேதியும் பணமும். முன்பணம், உரித்த பின், பிரைமர் முடிந்த பின், வண்டி கையில் வந்த பின் என்று நான்காகப் பிரியுங்கள். ஒவ்வொரு முறையும் ரசீது. கடைசிப் பங்கு கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும்.

வண்டியை எடுக்கும்போது பகல் வெளிச்சத்தில் எடுங்கள். சாய்வாகப் பார்த்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரிச் சொரசொரப்பு, வழிசல், தேய்த்த கோடு எல்லாம் தெரியும். சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் அது ஒட்டாது.

நிறத்தையே மாற்றப் போகிறீர்கள் என்றால், ஆர்.சி.யில் நிறமும் ஒரு பதிவு விவரம் என்பதை மறக்க வேண்டாம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

50 ஆண்டு தாண்டிய கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தகவல். 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுக்கு மேலான, வணிகப் பயன்பாட்டில் இல்லாத வாகனத்தை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவு 5,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றைப் பெரிய அளவில் மாற்றியிருக்கக் கூடாது. ஆகவே பட்டறையில் வெட்டும் முன் இதைச் சொல்லிவிடுங்கள். இப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம், தினசரி ஓட்ட முடியாது. மாமா வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவது அந்தக் காரில்தான் என்பதால், சாதாரணப் பதிவே போதும் என்று விட்டுவிட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி, ஒப்புக்கொண்ட தரத்தில் வேலை செய்யாதது 'சேவைக் குறைபாடு'. பில் தராமல் இருப்பது நியாயமற்ற வணிக நடைமுறை.

நம் பொருளை வேலைக்காக ஒருவரிடம் ஒப்படைப்பது பற்றி இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 பேசுகிறது. பிரிவு 151இன்படி, சாதாரண அறிவுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, அந்தக் கவனத்தோடு நம் பொருளையும் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். குரோம் பட்டை தொலைந்தால் "எங்க போச்சுன்னு தெரியல சார்" என்பது பதிலாகாது.

அதே சட்டத்தின் பிரிவு 170, உழைப்பும் திறமையும் போட்டு வேலை செய்தவர், தனக்கு நியாயமாகச் சேர வேண்டிய கூலி வரும் வரை பொருளை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. வைரத்தைப் பட்டை தீட்டக் கொடுப்பதையே சட்டம் உதாரணமாகச் சொல்கிறது. எனவே "வண்டியைத் தர மாட்டேன்" என்று சொன்னதும் போலீசுக்கு ஓடுவதில் பயனில்லை. பேசின வேலையை அவர் முடித்தாரா, கேட்கும் தொகை பேசின தொகையா என்பதுதான் கேள்வி. அதற்கு விடை சொல்லப்போவது அந்தக் காகிதம்தான். வண்டி அவசரமாக வேண்டுமென்றால், "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக்கொடுத்துப் பணம் கட்டி எடுத்துக்கொண்டு, பிறகு புகார் செய்யலாம்.

எங்கே போவது?

முதலில் பட்டறைக்கே ஒரு கடிதம். குறை என்ன, எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்று எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். கோபம் வேண்டாம், தேதியும் தொகையும் போதும்.

பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். இது நீதிமன்றம் இல்லை, வழக்குக்கு முன் பேசித் தீர்க்கும் வழி.

அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். போட்டோ, ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், அனுபவமுள்ள வேறொரு பெயிண்டர் எழுதித்தரும் கருத்து, இவையெல்லாம் ஆதாரங்கள். பெயிண்ட் கொப்புளம் சில மாதம் கழித்துத்தான் கிளம்பும், எனவே காகிதங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீங்க.

மாமா விஷயத்தில் கடிதத்தோடு முடிந்தது. கடிதம் போன மூன்றாம் நாள் பட்டறைக்காரரே போன் செய்தார். உட்கார்ந்து பேசினார்கள். தகடு வெட்டி ஒட்டின வேலைக்கு மாமா கூடுதல் பணம் கொடுக்க ஒப்புக்கொண்டார், மொத்தம் 1,20,000 என்று முடிவானது. பானெட்டைத் திரும்ப அடித்துக் கொடுத்தார்கள். குரோம் பட்டை வேறொரு காரின் டிக்கியிலிருந்து கிடைத்தது. எழுத்துகள் கிடைக்கவில்லை. ஆர்.சி. தாமதக் கட்டணத்தை மாமாதான் கட்டினார். பழைய நீலம் திரும்பி வரவில்லை. முழுக்க உரித்து மறுபடி அடிக்க இருவருக்குமே தெம்பில்லை.

பொதுவாக நம்ம ஊரில் எழுதிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று ஒரு கூச்சம் இருக்கிறது. "என்ன சார், நம்ப மாட்டீங்களா?" என்று கேட்டால் நமக்குப் பேச்சு வராது. அந்தக் கேள்விக்கு இப்படிப் பதில் சொல்லிப் பாருங்க: "நம்பறதுனாலதாண்ணே வண்டியையே விடறேன். எனக்கு ஞாபக மறதி ஜாஸ்தி, எழுதிட்டா ரெண்டு பேருக்கும் நல்லது." பெரும்பாலும் சிரித்துக்கொண்டே பேனா எடுப்பார்கள். எடுக்கவே மாட்டேன் என்கிறவரிடம் வண்டியை விடுவதா என்பதை, சாவியைக் கொடுப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.