வளையத்துக்குள் இறங்கிய பெண்கள்

(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் விளையாட்டுக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



விளையாட்டுக் குழுவினர் வலைப்பந்தாட்டத்தைப் பற்றியோ இல்ல மெய்வல்லுநர் போட்டியைப் பற்றியோ பேசுவோம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நாங்கள் தெரிந்தெடுத்த விடயம் சூமோ மல்யுத்தம். சிரிப்பொலி கேட்கிறது. சிரியுங்கள்; ஆனால் கொஞ்சம் செவிமடுங்கள்.

சூமோவின் விதி எளியது. 4.55 மீற்றர் விட்டமுள்ள வளையம். உள்ளங்கால் தவிர உடலின் வேறெந்தப் பகுதியாவது தரையில் பட்டாலோ, கால் வளையத்துக்கு வெளியே பட்டாலோ தோல்வி. யப்பானின் தொழில்முறைச் சூமோவில் பெண்களுக்கு இடமில்லை. வளையம் தெய்வத்துக்குரியது, பெண் மிதித்தால் தீட்டு என்பது அங்குள்ள மரபு. 2018 ஏப்ரலில் மைசுரு நகரில், வளையத்தில் நின்று உரையாற்றிய நகர முதல்வர் மயங்கி விழுந்தார். முதலுதவி செய்ய ஓடிவந்த பெண்களை வளையத்தை விட்டு இறங்கும்படி நடுவர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். சூமோ சங்கத் தலைவர் பின்னர் மன்னிப்புக் கேட்டார். யப்பானியரைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. தீட்டு என்ற சொல்லை நம்மில் எவரும் அகராதியில் பார்த்துப் படித்ததில்லை.

ஆனாலும் பெண்கள் இறங்கினார்கள். பொழுதுபோக்கு நிலையிலான சூமோவில் எடைப் பிரிவுகள் உண்டு. ஒல்லியான பெண்ணும் தன் எடைக்கு ஒத்தவளோடு மோதலாம். 2001இல் பெண்களுக்கான முதலாவது உலகப் போட்டி யப்பானில் நடந்தது. அவோமோரி மாவட்டத்துச் சிற்றூரொன்றில் பிறந்த ஹியோரி கோன், ஆரம்பப் பாடசாலை வயதிலேயே சூமோவில் இறங்கினார். கனிஷ்ட உலக வெற்றியாளரானார். எத்தனை முறை வென்றாலும் தொழில்முறை வளையம் அவருக்கு மூடியே இருந்தது. 'லிட்டில் மிஸ் சூமோ' என்ற விவரணப்படம் அவருடைய கதையைச் சொல்கிறது.

அண்டை நாட்டிலும் ஒருத்தி உண்டு. மும்பையின் ஹேத்தல் தவே ஜூடோ பயின்று, பின்னர் சூமோவுக்கு வந்தவர். இந்தியாவின் முதல் பெண் சூமோ வீராங்கனை என்று 2008இல் லிம்கா சாதனைப் புத்தகம் அவரைப் பதிவு செய்தது. 2009இல் தாய்வானில் நடந்த உலக விளையாட்டுப் போட்டிகளிலும் பங்குபற்றினார். பெண்கள் யாரும் இந்த விளையாட்டுக்கு வராததால் அவர் ஆண்களோடு மோதியே பயிற்சி பெற்றார். அரச அங்கீகாரம் இல்லாத விளையாட்டு என்பதால் பணத்துக்கும் அலைந்தார்.

திறமைக்கு அவரிடம் குறைவில்லை. மோதிப் பழக ஒரு தோழிதான் இல்லை. நாங்கள் உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்து இதுதான். தனியொருத்தியின் துணிச்சலைக் கைதட்டிப் பாராட்டுவது நமக்குச் சுலபம். அவளுக்குப் பக்கத்தில் இன்னும் பத்துப் பேரை நிறுத்துவதுதான் ஒரு பாடசாலை செய்யக்கூடிய காரியம்.

நம் பிள்ளைகள் எங்கே நின்றுவிடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பெரியபிள்ளை ஆனதும் ஒருத்தி மைதானத்தை விடுகிறாள். சாதாரண தரப் பரீட்சை என்று இன்னொருத்தி விடுகிறாள். "உடம்பு முறுகிப் போனால் யார் கட்டுவான்?" என்று வீட்டில் கேட்டதும் மூன்றாமவளும் விடுகிறாள். கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துப் பிள்ளைக்கோ பஸ் தவறிவிடும் என்ற பயம்.

ஆகவே நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை எங்களுக்குத் தாருங்கள். சூமோ வளையம் கேட்கவில்லை. மண்டபத்தில் விரிக்க ஜூடோ மெத்தைகள், ஒரு பெண் பயிற்றுநர், வாரத்தில் இரண்டு பிற்பகல்கள், அவ்வளவுதான். பயிற்சி பஸ் நேரத்துக்கு முன்னர் முடிய வேண்டும். உயர்தர மாணவியருக்கும் இடம் இருக்க வேண்டும். விழுவதற்குப் பழகிய பிள்ளை எழுந்திருக்கவும் பழகுவாள். அவளைப் பிடித்துத் தள்ளுகிறவன் அதை அறிந்துகொள்வான்.

கொழும்பிலும் ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள சகோதரிகள் ஆளுக்கொரு மெத்தை தந்தால் இந்த வருடமே தொடங்கலாம். அடுத்த மலரில் அந்தப் பிள்ளைகளே எழுதட்டும்.