மின்சார இன்ஸ்பெக்டர் நல்லவரா, கெட்டவரா?

(சிறுசேரியில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று புராணத்தைப் பற்றிப் பேசுவதாகத்தான் நான் வந்தேன். ஆனால் கூட்டம் துவங்குமுன் மின்சாரக் கண்டிராக்டர் தோழர்கள் சிலர் என்னிடம் வந்து, தாங்கள் வேலை செய்த ஓர் இடத்து மின் ஆய்வாளரைக் குறித்துத் தங்களுக்குள்ளேயே சச்சரவிட்டுக் கொண்டு, "அவர் நியாயஸ்தரா அல்லவா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று கேட்டார்கள். புராணம் எங்கும் ஓடிவிடாது, நாளைக்கும் பேசலாம். ஆகவே இதையே இன்று எடுத்துக்கொள்ளுகிறேன். அந்த ஆய்வாளர் யார், எந்த ஊர் என்பது நமக்கு வேண்டியதில்லை. நியாயத்தை எதைக் கொண்டு அளப்பது என்பதே கேள்வி.

முதலில் அவருடைய வேலை என்ன என்று பார்ப்போம். இந்தச் சிறுசேரி ஒரு காலத்தில் வயலும் சவுக்குத் தோப்புமாக இருந்த கிராமம். பிறகு சிப்காட் வந்தது. மாடி மேல் மாடி வந்தது. மாடிக்கு மாடி லிப்டு, கட்டிடத்துக்கு ஒரு டிரான்ஸ்பார்மர், ஜெனரேட்டர் எல்லாம் வந்துவிட்டன. இவை பத்திரமாய் இருக்கின்றனவா என்று சோதித்துப் பார்க்கச் சர்க்கார் நியமித்த உத்தியோகஸ்தரே மின் ஆய்வாளர். 1910-ம் வருஷத்துச் சட்டத்திலேயே இந்த உத்தியோகம் உண்டு. இப்போது 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 162-வது பிரிவின்படி நியமிக்கப்படுகிறார். அவர் மின்சாரத்தை விற்பவரல்ல; வாங்குபவருமல்ல. விற்பவரும், வாங்குபவரும், நடுவில் கம்பி இழுப்பவரும் விதிப்படி நடக்கிறார்களா என்று பார்ப்பவர்.

நிற்க. இவரைப் பற்றி நம் தோழர்கள் சொன்னதைக் கேளுங்கள். ஒருவர் சொன்னார், "அவர் தங்கமான மனுஷர்" என்று. எப்படி என்று கேட்டேன். "மாடிப்படிகூட ஏறவில்லை ஐயா, கீழேயே நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டார்" என்றார். இது புகழ்ச்சியா, குற்றச்சாட்டா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். நோயாளியைத் தொட்டுப் பாராமல் "உனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லும் வைத்தியனை யாராவது தங்கம் என்பார்களா?

இன்னொருவர், "அவர் படுகொடுமைக்காரர், என் கடிதத்தை மூன்று தடவை திருப்பிவிட்டார்" என்றார். எதற்காகத் திருப்பினார் என்று துருவிக் கேட்டேன். மோட்டாருக்கு இரண்டு தனித்தனி எர்த் கொடுக்க வேண்டும் என்பது விதி. இவர் ஒன்றுதான் கொடுத்திருந்தார். மேல்மாடி ஓரத்துக்கும் பக்கத்தில் போகும் 11,000 வோல்ட்டுக் கம்பிக்கும் 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும், அது இல்லை. ஆகவே கொடுமை செய்தது ஆய்வாளர் அல்ல, அளவு நாடா!

ஆனாலும் அந்தத் தோழர் சொன்ன வேறொன்றை நான் தள்ளிவிட மாட்டேன். முதல் தடவை வந்தபோது ஒரு குறை, அதைச் சரிசெய்த பிறகு வந்து இரண்டாவது குறை, மறுபடியும் வந்து மூன்றாவது குறை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாராம். மூன்றும் முதல் நாளே கண்ணுக்குத் தெரிந்தவை. எல்லாவற்றையும் ஒரே காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் இவருக்கு மாதக்கணக்கில் கூலி நஷ்டமாகியிராது. ஆகவே கேட்ட விஷயத்தில் ஆய்வாளர் பக்கம் நியாயம். கேட்ட முறையில் கண்டிராக்டர் பக்கம் நியாயம். இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் ஒருவருக்கு அவர் தெய்வமாகவும் இன்னொருவருக்கு ராட்சசராகவும் தெரிகிறார்.

மூன்றாவது தோழர் சொன்னதுதான் மிகவும் கவனிக்கத்தக்கது. "பெரிய கம்பெனிக் காகிதம் ஓடுகிறது, எங்கள் காகிதம் நொண்டுகிறது" என்றார். இது உண்மையானால் பெரிய அக்கிரமம், சந்தேகமில்லை. ஆனால் உண்மையா என்பதற்கு என்ன ருசு என்று கேட்டேன். "எல்லோரும் சொல்லுகிறார்கள்" என்றார். தோழர்களே! எல்லோரும் சொல்லுகிறார்கள் என்பதற்காகத்தானே ஆயிரம் வருஷமாய் ஒருவன் மேல்ஜாதி, ஒருவன் கீழ்ஜாதி என்று நம்பிக்கொண்டிருந்தோம்? அந்தப் புத்தியை இங்கேயும் கொண்டுவரலாமா? 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. எந்த மனு எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் சோதனை, எந்தத் தேதியில் அனுமதி என்று கேட்டு வாங்கி, பெரிய கம்பெனிக்கு எத்தனை நாள், சின்னவனுக்கு எத்தனை நாள் என்று பக்கம் பக்கமாய் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அந்தக் கணக்கே பேசும். நீங்கள் கத்த வேண்டியதில்லை.

நாலாவதாக ஒருவர் மெதுவாக, "அவர் நம்ம ஆள் ஐயா, விட்டுக் கொடுக்கக்கூடாது" என்றார். நம்ம ஆள் என்றால் என்ன அர்த்தமென்று உங்களுக்குத் தெரியும். மெக்கர் என்ற கருவிக்கு ஜாதி தெரியுமா? 500 வோல்ட்டில் ஒரு நிமிஷம் சோதித்தால் இன்சுலேஷன் 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது என்பது விதி. முள் காட்டுவதை யார் பார்த்தாலும் ஒன்றுதான். கம்பியில் ஓடும் மின்சாரத்துக்கும் தீட்டு கிடையாது. தொட்டவன் யாராயிருந்தாலும் ஒரே மாதிரி அடிக்கும். மின்சாரத்துக்கு இருக்கும் சமத்துவ புத்தி மனிதனுக்கு இல்லையென்றால் வெட்கமல்லவா?

இனி லஞ்சத்துக்கு வருவோம். வாங்குகிறவரை எல்லோரும் திட்டுகிறோம், திட்ட வேண்டியதுதான். கொடுக்கிறவர் கதை என்ன? இரண்டாவது எர்த் போடாமல் செலவை மிச்சப்படுத்தி, அதில் ஒரு பங்கை உறையில் போட்டுக் கொடுப்பவர் பாதிக்கப்பட்டவரா, பங்காளியா? தேங்காய் உடைத்தால் பாபம் போகும் என்று கடவுளிடத்திலேயே பேரம் பேசிப் பழகிய ஜனங்களுக்கு, உத்தியோகஸ்தரிடம் பேரம் பேசுவது தப்பாகத் தெரிவதில்லை. அங்கே காணிக்கை, இங்கே "கவனிப்பு", பெயர்தான் வேறு. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் செய்த திருத்தத்தின்படி கொடுப்பவரும் குற்றவாளியே. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாளைக்குள் புகார் செய்தால் தப்பலாம். இதைத் தெரிந்து கொள்ளாமல், டீக்கடையில் உட்கார்ந்து பெருமூச்சு விடுவதில் பிரயோசனமில்லை. அன்றியும், தன் லைசென்ஸை வேலை தெரியாதவனுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர், ஆய்வாளரின் நாணயத்தைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை உடையவர்?

நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. சிறு வயதில் ஒரு வயர்மேனிடம் எடுபிடியாக இருந்திருக்கிறேன். ஓரிடத்தில் புதுப் பலகைக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழமும் நசுக்கினார்கள். எர்த் கம்பியை மட்டும் முடுக்கவில்லை. பலகையைத் துடைக்கப் போன நான் தூக்கி எறியப்பட்டேன். பிழைத்தது என் பாக்கியமல்ல. காலில் செருப்பும், கீழே காய்ந்த பலகையும் இருந்தன. எலுமிச்சம்பழம் செய்யாததை ரப்பர்ச் செருப்பு செய்தது.

2022-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 27-ந் தேதி விடியற்காலையில், தஞ்சாவூருக்கடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் செத்தார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் நம் ஜனங்கள், குழந்தைகளும் அதில் உண்டு. தேரில் இருந்த படம் காப்பாற்றவில்லை என்று கேலி செய்வதும் என் நோக்கமல்ல. தேரின் உயரம் எவ்வளவு, கம்பியின் உயரம் எவ்வளவு என்று முந்தின நாள் ஒருவர் அளந்து பார்த்து, அந்த நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தியிருந்தால் 11 பேரும் வீடு திரும்பியிருப்பார்கள். அளந்து பார்க்கிற அந்த ஒருவர்தான் நமக்கு வேண்டும். அவர் சிரித்த முகமாயிருந்தால் என்ன, சிடுமூஞ்சியாயிருந்தால் என்ன?

ஆய்வாளர் கண்மூடிக் கையெழுத்துப் போட்டால் சாகப்போவது ஆய்வாளரோ, கண்டிராக்டரோ, கட்டிட முதலாளியோ அல்ல. பம்ப் அறையில் ஈரக்காலோடு நிற்கும் காவலாளி, தகரக் கொட்டகையில் படுத்திருக்கும் கூலிக்காரன், சுவிட்சைத் தொடும் பிள்ளை இவர்கள்தான். 30 மில்லி ஆம்பியரில் விழ வேண்டிய கசிவுத் தடுப்பான் விழவில்லையென்றால், அன்றைக்கு யாருடைய அபிப்பிராயமும் உதவாது.

ஆகவே கண்டிராக்டர் தோழர்களுக்கு நான் சொல்வது இதுதான். சங்கம் கூடுங்கள், ஒரு நோட்டுப் புஸ்தகம் போடுங்கள். மனுச் செய்த தேதி, சோதனைக்கு வந்த தேதி, சொன்ன குறை, அதற்குரிய விதியின் எண், சரிசெய்த தேதி என ஐந்து கட்டம் போதும். குறைகளை ஒரே தடவையில் எழுத்தில் கேளுங்கள். எழுதிய குறை நியாயமானால் மறுபேச்சில்லாமல் சரிசெய்யுங்கள். அநியாயமானால் காலில் விழாதீர்கள், அப்பீல் செய்யுங்கள். நான் முன்பு சொன்ன அதே 162-வது பிரிவே, ஆய்வாளரின் முடிவின் பேரில் சர்க்காருக்கு அப்பீல் உண்டு என்கிறது. கும்பிடு போடுவது அடிமை வழி. அப்பீல் செய்வது சுயமரியாதை வழி. ஒரு வருஷம் இப்படிச் செய்தால் அவர் நல்லவரா, கெட்டவரா என்ற கேள்வியை என்னிடம் கொண்டுவர மாட்டீர்கள். நோட்டுப் புஸ்தகமே சொல்லிவிடும்.

நான் சொன்னேன் என்பதற்காக இவற்றை ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய் யோசியுங்கள். போனவுடன் உங்கள் வீட்டுப் பலகையில் கசிவுத் தடுப்பான் இருக்கிறதா என்று பார்த்து, அதன் சோதனைப் பொத்தானை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் நாளைக் காலையில் அதை மாற்றுவதே முதல் வேலை.