வாய்தாவுக்கு முன்னால் ஒரு வார்த்தை

(பாளையங்கோட்டையில் பீடித் தொழிலாளர் பெண்கள் கூட்டத்தில் பேசியது)



விவாக ரத்து என்ற பேச்சை எடுத்தாலே நம் பக்கத்துப் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். நேற்று முளைத்த நாகரிகம் என்று நினைப்பு. அப்படியல்ல. 1955ல் இந்து விவாகச் சட்டம் வருவதற்கு முன்பே, 1949ல், சென்னை மாகாணத்தில் இந்துக்களின் விவாக ரத்துக்குச் சட்டம் வந்துவிட்டது. உரிமை இருக்கிறது. அது கைக்கு வந்து சேருவதற்குள் யார் களைத்து விழுகிறார்கள் என்பதே நம் கேள்வி.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். வாய்தா நாளில் விடியுமுன் பஸ் ஏறுகிறாள். அன்று சுளகில் இலை இல்லை. ஆகவே கூலியும் இல்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கிற தொழிலில், சுற்றாத நாளுக்கு யார் படியளப்பார்கள்? மாலையில் 'அடுத்த மாதம் வா' என்ற சேதியோடு திரும்புகிறாள். எதிர்த்தரப்பில் காசு இருந்தால் அவனுக்கு இதில் நஷ்டமில்லை. காலமே அவன் ஆயுதம். பத்து வாய்தா கழிந்ததும் அவளே, 'நகையும் வேண்டாம், ஜீவனாம்சமும் வேண்டாம், விட்டால் போதும்' என்று கையெழுத்துப் போடுகிறாள். இதற்குக் காகிதத்தில் பெயர் பரஸ்பர சம்மதம்!

1980களில் அமெரிக்காவில், சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்துக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியது. வழக்கு முற்றுமுன்பே, எந்தப் பக்கமும் சேராத, சட்டத்தில் பழுத்த ஒருவர் முன் இரு தரப்பும் தங்கள் வாதத்தைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அவர் கேட்டுவிட்டு, 'கடைசி வரை போனால் இது அநேகமாக இப்படித்தான் முடியும்' என்று உடைத்துச் சொல்வார். அது தீர்ப்பல்ல, யாரையும் கட்டாது. பின்னர் மினசோட்டா மாநிலத்தில், குழந்தை யாரிடம் என்ற தகராறுகளுக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக உட்கார்ந்து இதைச் செய்தார்கள். முன்கூட்டிய நடுநிலை மதிப்பீடு என்று நாம் இதைச் சொல்லலாம்.

'இது நம்மூரில் இல்லாததா? நாலு பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்தால் ஆயிற்று' என்பார்கள். ஜாக்கிரதை! அந்த நாலு பேரில் ஒருவர் மாப்பிள்ளைக்குச் சித்தப்பா; இன்னொருவர் அவரிடம் கடன்பட்டவர். 2011ல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் சுப்ரீம் கோர்ட், கட்டப் பஞ்சாயத்து முற்றிலும் சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது.

நம் சட்டத்தில் என்ன வழி? 1984ம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 9வது பிரிவு, முதலில் இணக்கத்துக்கு முயல வேண்டியது கோர்ட்டின் கடமை என்கிறது. 2005ல் சென்னை உயர்நீதிமன்றத்தில் சமரச மையம் வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் சமரசர், வழக்கு எப்படி முடியும் என்று பொதுவாகச் சொல்வதில்லை. 'நீங்களே பேசி முடியுங்கள்' என்பார். சட்டம் தெரிந்தவனும் தெரியாதவளும் பேசினால் யார் மலிவாக விற்றுவிட்டுப் போவார்கள்? மதிப்பீட்டின் பலன் இங்கேதான்.

நகை மனைவியின் சொந்தச் சொத்து என்று 1985லேயே, பிரதிபா ராணி வழக்கில், சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. 'அவள்தான் பீடி சுற்றிச் சம்பாதிக்கிறாளே' என்பது ஜீவனாம்சத்துக்குத் தடையல்ல. மனுப் போட்ட நாளிலிருந்தே அது சேர வேண்டும் என்று 2020ல் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் தீர்ப்பு. இருவரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் கொடுக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு கட்டளையிட்டது. இதை முதல் நாளே ஒருவர் அவளிடம் சொல்லிவிட்டால், அந்தக் கையெழுத்தை அவள் போடுவாளா? காகிதங்கள் மேஜைக்கு வராமல் செய்யும் மதிப்பீடு வெறும் ஜோசியம்.

இன்னொன்று. அடிபட்டு வந்தவளை அடித்தவனுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வைப்பது நடுநிலையல்ல. 2005ம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு உத்தரவு முதலில், மற்றதெல்லாம் பிறகு. 'கொஞ்சம் பொறுத்துப் போம்மா' என்ற உபதேசத்தை மதிப்பீடு என்று யாரும் நம் தலையில் கட்ட வேண்டாம்.

1987ம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவானாலும் பெண்ணுக்கு வக்கீல் இலவசம். இங்கே மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம். மனுவில் கையெழுத்திடும் முன்பே, 'என் வழக்கு எப்படிப் போகும்?' என்று அந்த வக்கீலிடம் நேராகக் கேளுங்கள். போகும்போது கல்யாண போட்டோ, நகை ரசீது, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பீடிக் கம்பெனி பாஸ் புத்தகம் எல்லாம் பையில் இருக்கட்டும். பாஸ் புத்தகம் வேறொருத்தி பெயரில் இருந்தால்? அது வேறு சண்டை. அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.